பெயர் சொல்லிக் கூப்பிட்டவள்

எல்லைக் காவல் முகாம்
2013 ஜூன் 16

அன்புள்ள கும்ரான் அக்காவுக்கு,

மான்ஹோ எழுதுகிறேன். இளைத்திருக்கிறேன், கறுத்திருக்கிறேன், மற்றபடி சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மாவின் மீன் சூப் கடையில் கூட்டம் வருகிறதா? அவளைக் கேட்டால் ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்பதற்கு மேல் ஒரு வரி வராது. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

இங்கே கைபேசி கிடையாது. தொலைபேசிக் கூண்டு ஒன்று உண்டு, அதன் முன்னால் எப்போதும் சீனியர்கள் நிற்பார்கள். நேற்று வந்த சிப்பாய்க்கு முறை வருவதற்குள் கூண்டைப் பூட்டிவிடுவார்கள். ஆகவே ஊருக்கு வரும்வரை நமக்குள் கடிதம்தான். என் கையெழுத்தைப் பார்த்து நீ சிரித்துக்கொள், அம்மாவிடம் மட்டும் காட்டாதே.

முக்கியமான செய்தி, நானும் இப்போது கால்பந்து வீரன். உன் லீக்கில் இல்லாத விதிகளெல்லாம் எங்கள் முகாமில் உண்டு. சார்ஜென்ட் குவாக் காலில் பந்து இருந்தால் யாரும் பறிக்கக் கூடாது. அவர் கோல் அடிக்கும்வரை ஆட்டம் முடியாது. போன ஞாயிறு இருட்டத் தொடங்கிவிட்டது, மனிதர் அடித்தபாடில்லை. கடைசியில் எங்கள் கோல்கீப்பரே பந்தைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்துவிட்டு, தான் ஒரு மூலையில் போய் விழுந்தான். அதையும் அவர் வெளியே அடித்தார். “காத்துடா” என்றார். “ஆமா சார், பயங்கரக் காத்து சார்” என்றோம் எல்லோரும். ஒரு இலை அசையவில்லை.

அவரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன்.

“எங்க அக்கா தேசிய லீக்ல ஆடுறாங்க சார். நகராட்சி அணி கேப்டன்.”

“பொம்பளைங்களுக்கு லீக் இருக்கா?”

“இருக்கு சார். அக்கா டிஃபென்ஸ்ல நின்னா ஒரு ஈ தாண்டாது சார்.”

“அப்புறம் நீ ஏன்டா இப்படி ஆடுறே?”

இந்த வருஷமாவது கோப்பையை வாங்கி என் மானத்தைக் காப்பாற்று. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
மான்ஹோ


நகராட்சி அணி விடுதி
ஜூலை 9

என் தம்பி மான்ஹோவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் முழங்காலாகவே இருக்கிறது. அம்மா சுகம், கடையும் சுகம். உன் சார்ஜென்ட் அடித்த பந்தை இரவுச் சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டினேன். எங்கள் பெண்களில் ஒருத்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

நாங்கள் இரண்டாம் இடத்தில் இருக்கிறோம். வழக்கம்போல திங்கட்கிழமை மாலை ஆட்டங்கள். டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் வருகிறவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். மைதானம் அவ்வளவு காலியாக இருப்பதும் ஒரு விதத்தில் நல்லதுதான்.

இந்த வருஷம் புதிதாக ஒரு கோல்கீப்பர் வந்திருக்கிறாள். நாரே என்று பெயர், இருபது வயது. கை இரண்டும் முறம் மாதிரி, பந்து அதில் விழுந்தால் அங்கேயே படுத்துவிடும். இந்த வயதில் இவ்வளவு நிதானமான கீப்பரை நான் பார்த்ததில்லை. மூன்று பேர் பாய்ந்து வரும்போதும் சமையலறையில் பால் பொங்குவதைப் பார்க்கப் போகிறவள் மாதிரிதான் வெளியே வருகிறாள்.

ஆனால் மரியாதை! அப்பப்பா. அணியிலேயே கடைக்குட்டி அவள், மூத்தவள் நான், நடுவில் பன்னிரண்டு வயது. என் பூட்ஸைத் துடைத்து வைப்பாள். நான் ஸ்பூனை எடுக்கும்வரை சோற்றில் கை வைக்க மாட்டாள். நடக்கும்போது சுற்றிக்கொண்டு வந்து என் வலப் பக்கமாக அரை அடி பின்னால் நடப்பாள். யார் வளர்த்த பெண்ணோ என்று நினைத்துக்கொள்வேன்.

போன திங்கள் ஒரு அசிங்கம் நடந்துவிட்டது. உயரமாக வந்த பந்துக்கு நான் பின்னால் ஓடினேன், அவள் முன்னால் வந்தாள். இரண்டு பேரும் மோதி விழுந்தோம், பந்து தானாக உருண்டு கோலுக்குள் போனது. கோச் பெக் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“வாயில என்ன கொழுக்கட்டையா? பின்னாடி நிக்கிறவதானே கத்தணும்! ‘அக்கா, மன்னிக்கணும், அந்தப் பந்தைக் கொஞ்சம் விட்டுக்குடுக்க முடியுங்களா’ன்னு விண்ணப்பம் போடுறியா? ‘விடு!’ன்னு ஒரு வார்த்தை வராதா உனக்கு?”

அவள் தலை குனிந்து, “என் தப்புதான் சார்” என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை.

வேறென்ன, அலாரத்தை அடிக்கவிட்டுத் தூங்குகிறேன் என்று அறைத்தோழிகள் சண்டை போடுகிறார்கள். வயதாகிறது போலிருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு, சீனியர்களிடம் வாயைக் கொடுக்காதே.

உன் அக்கா
கும்ரான்


எல்லைக் காவல் முகாம்
ஆகஸ்ட் 4

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். இங்கே கொசுக்கள் என்னைவிட நலம். உனக்குக் காயம் ஏதுமில்லை என்று நம்புகிறேன்.

அந்த நாரேவை ஒரு மாதம் எங்கள் முகாமுக்கு அனுப்பு. இங்கே தண்ணீர் குடிக்கக்கூடக் கத்தித்தான் அனுமதி கேட்க வேண்டும். முதல் வாரம் எனக்குத் தொண்டை கட்டி எலி மாதிரி ஆகிவிட்டது. “உங்க அக்கா கேப்டன்ங்கிறே, உனக்குக் குரலே இல்லையேடா” என்று சார்ஜென்ட் அதற்கும் உன்னையே இழுத்தார்.

என் பக்கத்துப் படுக்கைக்காரன் ஓக்சூவின் கதை தனி. துப்பாக்கிப் பயிற்சிக்குப் பிறகு அவனைக் கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் திரும்பி ‘யாரு?’ என்று தேடுவான். நடிக்கிறான் என்று எல்லோரும் கேலி செய்தோம். ஒரு காது போய்விட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வாயை மூடினோம். இப்போது காவல் வேலையிலிருந்து எடுத்துச் சமையலறையில் போட்டிருக்கிறார்கள். முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டு அழுகிறான், வெங்காயம் என்கிறான்.

அம்மா எழுதியிருந்தாள். போனில் நீ எல்லாவற்றுக்கும் ‘ம், ம்’ என்கிறாயாம். ‘கடை தீப்பிடிச்சிருச்சு’ன்னு சொன்னாலும் ‘ம், சரிம்மா’ன்னுதான் சொல்வா என்று புலம்பியிருக்கிறாள். கொஞ்சம் வாயைத் திறந்து பேசு.

உன் தம்பி
மான்ஹோ


நகராட்சி அணி விடுதி
செப்டம்பர் 23

அருமைத் தம்பிக்கு,

அறுவடைத் திருநாளுக்கு நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. அம்மா உனக்கும் ஒரு தட்டு வைத்து, அரிசி மாவுப் பணியாரத்தை அடுக்கி, கடைசியில் என்னையே தின்ன வைத்தாள். அவளுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது. குளிருக்கு முன்னால் உனக்கு உள்ளாடை அனுப்புவாளாம்.

அடுப்பங்கரையிலிருந்து அவள் கூப்பிட்டு நான் போகவில்லையாம். “கேப்டன் அம்மாவுக்கு எங்க சத்தமெல்லாம் இப்ப எங்கே காதுல விழப்போகுது!” என்று திருநாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாரேவை இரண்டு ஆட்டங்களுக்கு வெளியே உட்காரவைத்தார் கோச். மற்றக் கீப்பர் ஐந்து கோல் விட்டுக்கொடுத்த பிறகு திரும்பவும் கூப்பிட்டார். அவளுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம்தான். ‘சீசன் முடியறதுக்குள்ள கத்தக் கத்துக்கலைன்னா உன்னை வெச்சுக்க முடியாது’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வேறு எந்த அணியும் இந்த நேரத்தில் எடுக்காது.

அவளுடைய அம்மா தெற்கேயிருந்து பஸ் பிடித்து ஒரு பெட்டி பேரிக்காயோடு வந்திருந்தார். பெண்ணைப் பார்க்கப் போகாமல் முதலில் என்னிடம் வந்து குனிந்து வணங்கினார். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். “எங்க வீட்டுப் பொண்ணு வாயில்லாப் பூச்சிங்க. ஒன்பது வயசுல இருந்து பந்தைத் தவிர வேற ஒண்ணும் கேட்டதில்லை. நீங்கதான் பார்த்துக்கணும்” என்றார். பேரிக்காய் தேன் மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு இறங்கவில்லை.

இந்த சீசன்தான் எனக்குக் கடைசி, உனக்குத் தெரியும். இறுதிப் போட்டி வரை போய், கோப்பையைத் தொட்டுவிட்டு பூட்ஸைக் கழற்ற வேண்டும். இரண்டு முறை தோற்ற இறுதிப் போட்டி அது. அதுவரை எல்லாம் சமாளித்துக்கொள்ளலாம்.

உன் அக்கா
கும்ரான்


எல்லைக் காவல் முகாம்
அக்டோபர் 5

அக்கா,

நான் சுகம். உன் சுகத்தைத்தான் இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

அலாரம் கேட்காமல் தூங்குகிறாய். போனில் ‘ம், ம்’ என்கிறாய். அம்மா கூப்பிட்டால் திரும்புவதில்லை. அந்தப் பெண் கத்துவதே இல்லை என்கிறாய், ஆனால் உன்னைத் தவிர வேறு யாரோடும் அவள் மோதியதாக நீ எழுதவில்லை. உன் கடிதங்களைப் படுக்கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது ஓக்சூ பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தேன், கடிதத்தைப் பார்த்தேன்.

எந்தக் காது?

மான்ஹோ


நகராட்சி அணி விடுதி
அக்டோபர் 28

அன்புத் தம்பிக்கு,

அனைவரும் நலம். இங்கே கடல் காற்று ஏறிவிட்டது, காலைப் பயிற்சியில் மூக்கு சிவந்துபோகிறது.

அரையிறுதியை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்துவிட்டோம். இறுதிப் போட்டி கப்பல் பட்டறை அணியோடு. நவம்பர் நான்காம் தேதி அவர்கள் ஊரில் ஒரு ஆட்டம், பதினொன்றாம் தேதி நம் ஊரில் ஒரு ஆட்டம், இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டி யார் அதிகமோ அவர்களுக்குக் கோப்பை. அரையிறுதியில் நாரே தடுத்த ஒரு பந்தை நீ பார்த்திருக்க வேண்டும். வலப் பக்கம் பாய்ந்தவள், காற்றிலேயே மனம் மாறி இடக் காலால் தட்டிவிட்டாள். எதிரணிப் பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

நீ கேட்டிருந்ததைப் படித்தேன். மலைமேல் குளிர் அதிகமாக இருக்கும், கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா
கும்ரான்


எல்லைக் காவல் முகாம்
நவம்பர் 2

அக்கா,

சாக்ஸ் வந்தது. கால் சூடாக இருக்கிறது, நன்றி. என் காதில் பூ சுற்றியது போதும்.

இடதா, வலதா?

பதினொன்றாம் தேதி ஆட்டம் விளையாட்டு சேனலில் வருகிறதாம். சார்ஜென்ட் குவாக் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கூடத்துத் தொலைக்காட்சியில் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறேன். பதிலுக்கு ஒரு மாதம் அவருக்குப் பந்து பொறுக்க வேண்டும்.

மான்ஹோ


நகராட்சி அணி விடுதி
நவம்பர் 9

தம்பி மான்ஹோ,

நீ சுகமாக இரு. நானும் இருக்கிறேன்.

இடது.

மே மாதம் ஒரு நாள் காலையில் எழுந்தபோது காதுக்குள் பஞ்சு அடைத்தது போல இருந்தது. சளி என்று விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து, யாருக்கும் தெரியாமல் பக்கத்து ஊர் டாக்டரிடம் போனேன். ‘அன்னிக்கே வந்திருக்கணும்மா’ என்றார். இனி வராதாம். பேசிக்கொள்ள ஒரு காது போதும் மான்ஹோ. ஆனால் ஒரு காதை வைத்துக்கொண்டு சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. களத்தில் பத்துப் பேரும் என்னை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எந்த அக்கா, எங்கிருந்து, என்ன அவசரம், ஒன்றும் பிரியாது. காலி மைதானத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சமாளித்தேன்.

முதல் ஆட்டத்தில் அது முடியவில்லை. கப்பல் பட்டறைத் தொழிலாளிகளைப் பஸ் பஸ்ஸாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு காற்றடைத்த பிளாஸ்டிக் தடி, ஓயாமல் தட்டல். எனக்கு எல்லாமே ஒரே கூழாகக் கலந்துவிட்டது. நாங்கள்தான் முதலில் கோல் அடித்தோம். முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு உயரமான பந்து. நான் பின்னால் போனேன். அவள் முன்னால் வந்தாள். மறுபடியும் அதே. ஒன்றுக்கு ஒன்று.

உடை மாற்றும் அறையில் கோச் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “அடுத்த ஆட்டத்துல நீ வேண்டாம் நாரே. முடிஞ்சதும் ஊருக்குக் கிளம்பிடு.”

அவள் குனிந்தாள். “சரிங்க சார். நான் கூப்பிடலை, என் தப்புதான்.”

வலப் பக்கம் ஆடுகிற போக்சன், “இல்லையே, நான் அந்தக் கோடியிலேயே கேட்டேனே...” என்று ஆரம்பித்தாள். நாரே அவள் காலை மிதித்தாள். நான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னலை விட்டு உட்பக்கமாக உட்கார்ந்திருந்தேன். இடது கைப்பக்கம் நடைபாதைக்கு அப்பால் இருக்கை காலி. நாரே அங்கே உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே என் காலைத் தாண்டி, நெருக்கியடித்து ஜன்னலோரமாக, என் வலப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாப்பாட்டில், நடையில், பல் துலக்கும்போது, ஜூன் மாதத்திலிருந்து ஒரு தடவைகூட அவள் என் இடப் பக்கம் வந்ததில்லை.

“உனக்குத் தெரியும், இல்லையா?” என்றேன்.

“என்னதுக்கா?”

காதைத் தொட்டுக் காட்டினேன்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

“கோச்கிட்ட ஏன்டி சொல்லலை? ஊருக்கு அனுப்புறேங்கிறார்!”

“நீங்களே மறைச்சு வெச்சிருக்கீங்க. சின்னவ நான் எப்படிக்கா சொல்றது? உங்களுக்கு இது கடைசி ஆட்டம். எனக்கு... எனக்கு வயசிருக்குக்கா.”

எங்கே வயசிருக்கிறது? ஒன்பது வயதிலிருந்து பந்தைத் தவிர ஒன்றும் கேட்காத பெண். நான் பன்னிரண்டு வயது பெரியவள் என்பதற்காக, அதைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகத் தயாராக இருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அவள் மேல் வியப்பாக இருந்தது.

பஸ் நின்றதும் கோச்சிடம் போய்ச் சொன்னேன். அவர் நெடுநேரம் தன் தொப்பியையே திருப்பிக்கொண்டிருந்தார். “அந்தப் பொண்ணை அஞ்சு மாசமா நாய் மாதிரி திட்டியிருக்கேன்” என்றார். பிறகு, “அவ ஆடுவா. நீ பெஞ்ச். வேற வழி இல்லை கும்ரான்” என்றார். எனக்குக் கடைசி ஆட்டம் என்று அவருக்கும் தெரியும்.

அதோடு விட மனமில்லை. அவசரத்துக்கு என்னை இறக்கினாலும் இறக்குவார். நேற்று நாரேவைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். “இந்த லீக்லயே என்னை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. நீ கூப்பிடு. எவ்வளவு சத்தத்துலயும் அது நீதான், எனக்குத்தான்னு தெரிஞ்சுரும்” என்றேன்.

“ஐயோ அக்கா, செருப்பால அடிப்பாங்க!”

“யாரு?”

“எங்கம்மா!”

அலைக்கு முதுகு காட்டி அவள் நின்றாள், அவளுக்கு முதுகு காட்டி நான் நின்றேன். முதலில் ‘கும்ரான் அக்கா’ என்றாள். பிறகு ‘கும்ரான்...ங்க’ என்றாள். பிறகு இருமினாள். கைவிரல் மரத்துப்போன பிறகுதான் வந்தது: “கும்ரான்! விடு!” மீன் கடைக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தால், கத்தியவள் என் முதுகைப் பார்த்துத் தரை தொடக் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு கும்பிடாம்.

“மைதானத்துலயும் கும்பிடுவியா? பந்து வருமேடி!”

“பந்தைப் பிடிச்சுட்டுக் கும்பிடுறேன்க்கா” என்றாள்.

அம்மாவிடம் காதைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஆட்டம் முடியட்டும். குளிரில் தலையை மூடிக்கொள்.

உன் அக்கா
கும்ரான்


எல்லைக் காவல் முகாம்
நவம்பர் 12

என் அக்காவுக்கு,

உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் இன்று காலைதான் வந்தது. நேற்று ஆட்டம் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது. நீ நலமா? அம்மா நலமா? அவள் கத்துவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள், தொண்டை மிச்சம் இருக்கிறதா?

இங்கே நடந்ததைக் கேள். கூடத்தில் முப்பது பேர். பாதிப் பேர் பொம்பளை ஆட்டம் என்று தூங்கத்தான் வந்தார்கள். ‘நகராட்சி அணி கேப்டன் இன்று பெஞ்சில்’ என்று வர்ணனையாளர் சொன்னதும் சார்ஜென்ட் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஈ தாண்டாதுன்னே, ஆளையே காணோம்?” நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினைந்து நிமிஷத்தில் தூங்க வந்தவர்கள் எல்லாம் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். காரணம் அந்த நாரே. கப்பல் பட்டறைக்காரிகள் அடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், அவள் துணி மடிக்கிற மாதிரி வாங்கி வைக்கிறாள். “யார்டா இவ? யார்டா இவ?” என்று சார்ஜென்ட் ஒவ்வொரு தடவையும் கேட்டார். இரண்டாம் பாதியில் நீங்கள் கோல் அடித்தபோது ஓக்சூ என்னைத் தூக்கினான்.

பிறகு உன் இடத்தில் ஆடியவளுக்குக் கால் மடங்கியது. நீ எழுந்தாய். மேலாடையைக் கழற்றினாய். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, எனக்குக் கண் மறைத்துவிட்டது, நீ உள்ளே போனதை நான் சரியாகப் பார்க்கவில்லை.

கோலுக்குப் பின்னால் மைக் வைத்திருப்பார்கள் போல. முதல் உயரப் பந்து வந்தது. தொலைக்காட்சியிலிருந்து ஒரு குரல்: “கும்ரான்! விடு!”

முப்பது பேரும் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. சார்ஜென்ட் எழுந்தேவிட்டார்.

“யார்டா அவ? கேப்டனைப் பேர் சொல்லிக் கூப்பிடுறா! எத்தனை வயசு?”

“இருபது சார்.”

“உங்க அக்காவுக்கு?”

“முப்பத்திரண்டு சார்.”

“செத்தா!” என்றார். நீ பந்தை விட்டாய். அவள் பிடித்தாள். பிடித்ததும் உன்னைப் பார்த்துச் சட்டென்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு உதைத்தாள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் கைதட்டினோம். அடுத்த தடவை ‘கும்ரான்! தள்ளு!’ என்றபோது சார்ஜென்டே கூடச் சேர்ந்து கத்தினார். கடைசி நிமிஷத்தில், மழைமேகம் மாதிரி ஆறேழு பேர் குவிய மூலையிலிருந்து அடித்த பந்தில், நீ தலையைக் குனிந்து விட்டுக்கொடுத்தாயே, அவள் உன் தலைக்கு மேலே இருந்து பறித்தாளே, அப்போது எங்கள் கூடத்தில் கத்தின கத்தலில் காவல் அதிகாரி ஓடிவந்துவிட்டார்.

இன்று எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது சார்ஜென்ட், “பந்தை என்கிட்ட இருந்து பறிக்கணும்னா பறிங்கடா” என்றார். யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆனாலும் சொன்னார்.

அந்தப் பெண்ணுக்கு என் வணக்கத்தைச் சொல். உனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவிடம் காதைப் பற்றிச் சொல்லிவிடு.

உன் தம்பி
மான்ஹோ


சம்சோக், அம்மாவின் கடை
நவம்பர் 21

அன்பு மான்ஹோவுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். அம்மாவுக்குத் தொண்டை இன்னும் திறக்கவில்லை, சைகையில் சூப் விற்கிறாள். மார்க்கெட்டில் மீன் விற்கிற பெண்களையெல்லாம் திரட்டிக்கொண்டு, ஊர்க் கோயில் முரசும் வெண்கலத் தட்டுமாக வந்து, கோலுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து அடித்துத் தள்ளிவிட்டாள். ‘என் பொண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது எந்தக் கழுதை?’ என்று ஆட்டம் முடிந்ததும் நேராக நாரேவைத் தேடிப் போனாள். நாரே அவளைப் பார்த்ததும் புல்லில் மண்டியிட்டுவிட்டாள். அப்போதுதான் அம்மாவிடம் காதைப் பற்றிச் சொன்னேன், அந்த இரைச்சலிலேயே. அம்மா நாரேவைத் தூக்கி நிறுத்தி, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டாள். அன்று இரவு கோப்பையை நடுவில் வைத்து அணி முழுவதுக்கும் மீன் சூப்.

நாரேவுக்கு மூன்று வருஷ ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். கோச் எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டாள். இரண்டு பேரும் மாறி மாறிக் குனிந்துகொண்டிருந்தார்கள், நாங்கள் சாப்பிட்டு முடித்துவிட்டோம். என்னை அவள் திரும்பவும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறாள். என் பூட்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். கடைசி மூலைப் பந்தைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் பற்றி உன்னிடம் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும்.

முதல் பந்துக்கு அவள் கூப்பிட்டது கேட்டது. இரண்டாவதும் கேட்டது. கடைசிப் பந்துக்கு ஒன்றும் கேட்கவில்லை மான்ஹோ. அம்மாவும் அவள் படையும் முரசை அடித்த அடியில் என் நல்ல காதும் போய்விட்டது. பந்து என் நெற்றிக்கு நேராக வந்தது. எட்டித் தலையால் அடித்திருக்கலாம், பதினைந்து வருஷமாக அதைத்தான் செய்திருக்கிறேன். ஆனால் அவள் வந்திருப்பாள், கூப்பிட்டிருப்பாள் என்று நினைத்தேன். இந்த வருஷம் ஒரு பந்துக்குக்கூட அவள் வராமல் இருந்ததில்லை, கூப்பிடாமல் இருந்ததில்லை. கேட்காமல் போனது நான்தான். தலையைக் குனிந்துகொண்டேன்.

மேலே அவள் கைகள் பந்தைப் பிடித்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. எதிரே ஓடிவந்தவள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போனதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இதை நாரேவிடம் சொல்லவில்லை, நீயும் எழுதிவிடாதே. பாவம், அவ்வளவு வெட்கத்தை விட்டுக் கத்தியிருக்கிறாள்.

உன் அக்கா
கும்ரான்